கேட்டுச் செய்யும் பகிடி

என் மேசையில் ஒரு பித்தளை வெற்றிலைத் தட்டம் இருக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் நெளிந்துபோயிருக்கும். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனபோது முரசுமோட்டைப் பக்கம் ஒரு பள்ளத்தில் விழுந்து வந்த நெளிவு அது. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன மாஸ்டர், இந்த வயதிலை வெத்திலை போடப் பழகிறியளோ?" என்று கேட்கிறார்கள். நான் வெற்றிலை போடுவதில்லை. இது ஒரு பகிடிக்காரரின் சாமான் என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? அதனால் சும்மா சிரித்துவிட்டு இருந்துவிடுவேன்.

அவரை ஊரெல்லாம் ஓவசியர் என்றுதான் கூப்பிடும். நீர்ப்பாசனப் பகுதியில் வாய்க்கால் வேலைகளை மேற்பார்த்தவர். ஐம்பதுகளின் கடைசியில் நான் கண்டாவளைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காடு வெட்டிக் குடியேறிய சனம்; பொழுதுபோக்கென்று ஒரு மண்ணுமில்லை. எங்கள் பரிசளிப்பு விழாவுக்கு வந்த ஓவசியர், மேடையில் ஏறி ஊர்த் தலைமைக்காரரான விதானையாரைப் போல ஐந்து நிமிடம் பேசினார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அருகில் நின்ற நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு முகம், என்ன செய்ய? அடுத்தநாளே மனிதர் வீடு தேடி வந்துவிட்டார். "மாஸ்டர், உம்மட மூஞ்சிதான் எனக்குத் தேவை. நான் பகிடி விட, நீர் பக்கத்திலை நிண்டு கேள்வி கேளும். செத்தாலும் சிரிச்சுப் போடாதையும்" என்றார். அப்படித்தான் எங்கள் விகடக் கச்சேரி தொடங்கியது.

சனி ஞாயிறு வந்தால் வெளிக்கிட்டுவிடுவோம். எட்டிய இடங்களுக்குச் சைக்கிள். தூர இடங்களுக்கு பஸ். வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கு வரும் சனத்துக்கு நடுவே, முள்ளியவளைப் பள்ளிக்கூட மரத்தடியில், கடற்கரைப் பக்கத்து மாதா கோயில் பெருநாட்களில் என்று எங்கே கூப்பிட்டாலும் போனோம். சோறு தருவார்கள், சில இடங்களில் மறந்தும் போவார்கள். பள்ளிக்கூட வாங்குகளை ஒட்டிப் போட்டு நித்திரை கொண்டோம். அந்த வாங்கில் படுத்து எழும்பிய முதுகு நோ இன்றைக்கும் மாரிகாலத்தில் என்னை எட்டிப் பார்க்கும். திரும்பி வந்து வீட்டுப் படலையில் சைக்கிளை நிறுத்தியதும் ஓவசியர் மணியை அடித்து, "இஞ்சரும்! சிரிச்ச சனம் சோறு போடேல்லை. அழுதுகொண்டெண்டாலும் நீர் போடும்!" என்று கத்துவார். குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி, "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்பா. அவாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எத்தனையோ தரம் கேட்ட பகிடிதான். ஆனாலும் அக்காவின் குரலுக்குள் ஒரு சிரிப்பு இருக்கும்.

இனித் தட்டத்தின் கதைக்கு வருகிறேன். ஓவசியர் ஆரைப் பகிடி பண்ணுவதென்றாலும் முதலில் போய்க் கேட்பார். கலியாணத்துக்குச் சொல்லப் போகிற மாதிரி இந்தத் தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, செருப்பைப் படலையடியில் கழற்றிவிட்டு, தலையைக் கொஞ்சம் சரித்து நின்று, "உங்களைக் கொஞ்சம் பகிடி பண்ணலாமோ?" என்பார். வெற்றிலையை எடுத்தால் சம்மதம். எடுக்காத ஆளைத் தொடவே மாட்டார். "கேளாமல் செய்தால் அது பகிடி இல்லை மாஸ்டர், அடி" என்பார். போகப்போக ஊர்களில் இது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. தன்னிடம் தட்டம் வரவில்லை என்று மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிந்த, நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் ஒருவரும் இருந்தார்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கே கரைவலை வைத்திருந்த சம்மாட்டியார் ஒருவரின் குரல் ஓவசியருக்குக் கற்கண்டு மாதிரி. வலை இழுக்கும் ஆட்களைப் பார்த்து, சாரத்தை உயர்த்திக் கட்டி, ஒரு செருமல் செருமிவிட்டு, "எட மக்காள், நீங்கள் வலையை இழுக்கிறியளோ, வலை உங்களை இழுக்குதோ?" என்று அவர் கூப்பிடும் விதத்தை ஓவசியர் செய்தால், முன்வரிசையில் இருக்கும் சம்மாட்டியாரே கண்ணீர் வரச் சிரிப்பார். வருடா வருடம் பெருநாளுக்கு அது இல்லாமல் சனம் விடாது.

ஒரு வருடம் அந்தப் பெருநாளுக்குப் போகையில் பஸ் காட்டுக்குள் பழுதாகி நின்றுவிட்டது. பின்னேரம் போய்ச் சேர்ந்தபோது சனம் மேடைக்கு முன்னால் காத்திருந்தது. "தட்டம்?" என்று நான் கேட்டேன். "போன வருஷம் எடுத்த வெத்திலை இருக்குத்தானே, வாரும்" என்று மேடையில் ஏறிவிட்டார். சாரத்தை உயர்த்திக் கட்டினார், செருமினார், "எட மக்காள்" என்று தொடங்கி முழுவதையும் கூப்பிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. மேடையோரம் நின்ற ஒரு பெடியன் என் காதுக்குள், "மாஸ்டர், சம்மாட்டியார் மாரிக்குள்ளை மோசம் போயிட்டார்" என்றான். வெள்ளத்தில் பாதை அறுந்து கிடந்த காலத்தில் நடந்த சாவு; எங்கள் பக்கத்துக்குச் செய்தி வரவேயில்லை. நான் போய் ஓவசியரிடம் சொன்னேன். அந்த முகத்தை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன்.

அவர் மேடையிலிருந்து இறங்கினார். பையைத் திறந்து தட்டத்தை எடுத்தார். வெற்றிலை பாக்கை வைக்கையில் ஒரு பாக்கு உருண்டு மணலில் விழுந்தது. பெண்கள் பக்கத்தில் கறுப்புச் சேலையோடு இருந்த சம்மாட்டியாரின் மனைவிக்கு முன்னால் போய் நின்று, "அம்மா, கேளாமல் செய்துபோட்டன். இனி இந்த வாயாலை ஒருத்தரையும் பகிடி பண்ணமாட்டன்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பகிடி மூச்சு மாதிரி என்பதும் தெரியும்.

அந்த அம்மா தட்டத்தைப் பார்த்தா, பிறகு அவரைப் பார்த்தா. "அந்தச் செருமலைக் கேட்டவுடனை நான் எழும்பப் பாத்தனான் தம்பி. தேத்தண்ணி குடுக்க வேணுமெண்டு" என்றா. ஒரு வெற்றிலையை எடுத்து மடியில் வைத்தா. "இன்னொருக்காக் கூப்பிடுங்கோ."

ஓவசியர் மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே கடல் பக்கம் திரும்பிச் செருமினார். "எட மக்காள்…" என்று குரல் எழும்பியதும், வேலியோரம் நின்ற சம்மாட்டியாரின் ஆட்கள், பழைய பழக்கத்தில், "இழுக்கிறம் சம்மாட்டியார்!" என்று ஒரே குரலில் பதில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் அழுதார்கள். என் வாழ்க்கையில் கச்சேரியில் நான் சிரித்தது அன்றைக்கு ஒருநாள்தான். அழுகையும் அதோடு வந்தபடியால் ஓவசியர் என்னை ஏசவில்லை.

பிறகு அவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. கச்சேரியும் குறைந்து நின்றுபோனது. பென்சன் எடுத்துப் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தவர், சில காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு, அக்கா குசினி வாசலில் இருந்தபடி, "எல்லாரையும் போலக் கதைச்ச மனுசன், தம்பி. அவரைப் போலக் கதைக்க ஒருத்தருமில்லை" என்றா.

எனக்கு ஒருவரையும் போலப் பேச வராது. கேள்வி கேட்க மட்டும் தெரிந்த ஆள் நான். ஆனாலும் எழும்பிப் போய், அலுமாரியில் இருந்த தட்டத்தை எடுத்து ஒரு வெற்றிலை வைத்து, அவாவுக்கு முன்னால் தலையைக் கொஞ்சம் சரித்து நின்றேன். "அக்கா, உங்கட மனுசனைக் கொஞ்சம் பகிடி பண்ணலாமோ?" அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, வெற்றிலையை எடுத்தா.

நான் படலையடிக்குப் போனேன். அவருடைய பழைய சைக்கிள் அங்கேயே சாத்திக் கிடந்தது. மணியை அடித்து, என்னால் இயன்ற மட்டும், "இஞ்சரும்! சிரிச்ச சனம் சோறு போடேல்லை. அழுதுகொண்டெண்டாலும் நீர் போடும்!" என்று கூப்பிட்டேன். குரல் சரியாக வரவில்லை, பாதியில் உடைந்துவிட்டது. உள்ளேயிருந்து சத்தமில்லை. கேட்டிருக்கக்கூடாதோ என்று நினைத்துக்கொண்டு தட்டத்தோடு நின்றேன். அப்போது குசினிக்குள் சோற்றுக் கோப்பை ஒன்று சத்தம் போட்டது.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்றா அக்கா.