போதும்பொண்ணு

எங்கள் அம்மாவுக்கு நான் நான்காவது பெண். மூத்தவர்கள் மூன்று பேருக்கும் சாமி பெயர்கள். என் முறை வரும்போது சாமியும் தீர்ந்துபோச்சு, பொறுமையும் தீர்ந்துபோச்சு. போதும்பொண்ணு என்று வைத்தார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம். எங்கள் கடலூர்ப் பக்கத்தில் இப்படி ஒரு நம்பிக்கை. எனக்கு அடுத்து தம்பி பிறந்து தொலைத்தான். பெயர் பலித்துவிட்டது என்று ஊரே பேசியது.

பலித்த பெயரை மாற்ற விடுவார்களா? கல்லூரியில் சேரும்போது கெஞ்சிப் பார்த்தேன். "மாத்துனா தம்பிக்கு எதுனா ஆயிடும்டி" என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்றைக்கும் பேங்க் கவுண்ட்டரில் என் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள்: "உங்களுக்கு அப்புறம் பையனா மேடம்?" பணத்தை எண்ணிக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டுவேன். வேறு என்ன செய்ய?

செல்போனில் நெட் வந்த புதிதில், இந்த அநியாயம் நம்ம ஊரில் மட்டும்தானா என்று ஒரு ஆத்திரத்தில் தேடினேன். துருக்கியில் யெத்தர் என்று வைக்கிறார்கள். போதும் என்று அர்த்தம். அஜர்பைஜானில் கிஸ்யெத்தர், அப்படியே என் பெயர்தான், பொண்ணு போதும். மராட்டியத்தில் நகுசா என்றால் வேண்டாதவள். சீனாவில் லாய்தி, 'தம்பி வரட்டும்' என்று. உலகம் பூராவும் எனக்குச் சொந்தக்காரிகள் இருக்கிறார்கள். ஆறுதலாகவா இருந்தது? வயிறுதான் எரிந்தது.

தம்பி சிதம்பரத்தில் இருக்கிறான். சமீபத்தில் அவனுக்கு இரண்டாவதும் பெண் பிறந்தது. பெயர் வைக்கும் விசேஷத்துக்குப் போனேன். எங்கள் வழக்கத்தில் அத்தை மடியில் பிள்ளையைக் கிடத்துவார்கள், அத்தைதான் காதில் பெயரைச் சொல்லவேண்டும். வாங்கி வந்த கொலுசைப் போட்டுவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்ன பேருடா?"

"யெத்தர்ஸ்ரீ. மாடர்னா இருக்குல்லக்கா?"

அன்றைக்கு நெட்டில் பார்த்த அதே பெயர். "எத்தர்னா ஏமாத்துறவங்கடா" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"அது தமிழு. இது துருக்கிப் பேரு." குரலைத் தாழ்த்தினான். "உம் பேருதான்கா. உனக்கு அப்புறந்தானே நான் பொறந்தேன். அப்புடியே வெச்சா ஸ்கூல்ல சிரிப்பாங்க, அதான் இப்புடி."

அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கு மரியாதை செய்கிறானாம்.

"இத நான் சொல்லமாட்டேன்" என்றேன். "நல்ல நாளும் அதுவுமா ஏன்டி இப்புடிப் பண்ற" என்று அம்மா பல்லைக் கடித்தாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். தம்பி பொண்டாட்டி புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். இன்ஜினியரிங் படித்தவள். இவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

"இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியுமாம்மா? வேற எதுனா ஒரு பேரு சொல்லு. அதையே காதுல சொல்லிடறேன். யாரு என்ன பண்ணிடுவாங்கன்னு பாக்கலாம்."

அவள் கொசுவத்தைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். "தெரியும் அண்ணி. நான்தான் நெட்டுல தேடி எடுத்தேன்."

"நீயா?"

"இந்தப் பேரு வெச்சும் அடுத்தது பொண்ணா பொறந்துச்சுன்னா, பழி பேரு மேல போவும். வெக்கலன்னா எம்மேலதான வரும்? அப்ப நீங்க வந்து நிப்பீங்களா?"

கடலூரில் இருந்துகொண்டு எத்தனை நாளைக்கு வந்து நிற்பேன்? அவள் புகுந்த வீட்டில் அவள்தான் குப்பை கொட்டவேண்டும். வெளியே நல்ல நேரம் முடியப்போகிறது என்று அம்மா சத்தம் போட்டாள்.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். தம்பி முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெற்றிலையைக் காதோரம் மறைத்துப் பிடித்து, குனிந்து, வழக்கப்படி மூன்று தடவை சொன்னேன். இந்த உலகத்தில் அவளிடம் முதன்முதலில் போதும் என்று சொன்னவள் நான்தான்.