அடியில்லாத பானைகள்

சிட்னியில் ஒரு கண்காட்சியில் அந்தப் பானையைப் பார்த்தேன். அமெரிக்காவின் புவெப்லோ பழங்குடி மக்கள் செய்தது. கீழே ஒரு கண்ணாடி வைத்து அதன் அடிப்பக்கத்தைக் காட்டியிருந்தார்கள். அங்கே இரண்டு பெயர்கள். வனைந்தது மனைவி, வண்ணம் தீட்டியது கணவன்.

யாழ்ப்பாணத்தில் என் அப்பாவும் அம்மாவும் பானையில் பெயர் எழுதியதில்லை. அப்பா சக்கரத்தில் வாயையும் வயிற்றையும் வனைந்து, அடி திறந்தபடியே இறக்கி வைப்பார். அம்மா உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி மூடுவா. அம்மா அடித்தால்தான் பானைக்கு அடி வரும்.

சண்டை வந்தால் அம்மா பலகையைத் தொடமாட்டா. முற்றத்தில் அடியில்லாத பானைகள் வரிசையாக இருக்கும். ஈரமண் வாசம் மெல்லக் குறையும். காய்ந்த மண்ணைத் தட்டினால் வெடித்துவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் அப்பா, அம்மா சமைக்கிற குசினி வாசலில் போய் நின்று, வேறு பக்கம் பார்த்தபடி சொல்வார்.

“இஞ்சாரும், மண் இறுகுது.”

அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

“ஓம், தெரியுது” என்று அம்மா வந்து பானைகளுக்கு முன்னால் இருப்பா. பிறகு தட்டுகிற சத்தம் கேட்கும். முதல் பானைக்கு மட்டும் கொஞ்சம் பலமாக விழும்.

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் தூரத்தில் ஒரு கதிரையில் சாய்ந்திருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். போன கிழமையிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் அவசரமில்லை. எங்கள் வீட்டில் இறுகிப்போக மண் இல்லை.