பித்தம், பை, எடுத்தல்

நியமன ஆணையில் அவள் 'பன்மொழித் தகவல் அலுவலர். ஆங்கிலத்தில் சரளமாக உரையாடுபவர்'. ஆங்கிலத்தில் யாராவது நலம் விசாரித்தால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தமிழில் விசாரிக்கவும் ஆள் கிடையாது. ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். மருத்துவமனை ஒலிபெருக்கியில் நாளெல்லாம் ஆயிரம் பேரோடு பேசினாள். பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை.

நீளமான வார்த்தைகள் மட்டும் அவள் சொன்னபடி கேட்கும். யாரோ மறந்து விட்டுப்போன மருத்துவ அகராதி ஒன்றுதான் மதியச் சாப்பாட்டுக்குத் துணை. பென்சிலால் அசை அசையாக வெட்டுவாள். அழுத்தம் விழும் அசைக்கு மேசையில் ஒரு தட்டு. கார்-டி-ஆ-ல-ஜி, தட்டு மூன்றாவதில். வேடிக்கை என்னவென்றால், வாய்க்காக வெட்டும் இடம் ஒன்று, பொருளுக்காக வெட்டும் இடம் வேறு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் சீட்டோடு ஒரு பெண் தனியாக வந்து நின்றாள்.

"அக்கா, இது எந்த ரூமு? படிச்சா பல்லு உடையுது."

சீட்டில் இருந்தது கோ-லி-சிஸ்-டெக்-ட-மி. விரல் தானாக நான்காவதில் தட்டியது.

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"டியூப் விட்டுப் பாப்பாங்களாம். துணிய வெயில்ல போட்டுட்டு வந்திருக்கேன், சாயங்காலம் போய் எடுக்கணும்."

"கையெழுத்து?"

"காட்டுன எடத்துல எல்லாம் போட்டேன். படிச்சவங்க நீட்டுனா கேள்வியா கேக்க முடியும்?"

பார்ப்பதற்கு என்றால் வார்த்தையின் வால் 'ஸ்கோபி'. இங்கே இருந்ததோ 'எக்டமி': வெட்டி எடுப்பது. முன்னே 'கோலி', பித்தம். நடுவே 'சிஸ்ட்', பை. பித்தப்பையை எடுக்கப் போகிறார்கள். இவளோ துணி காயும் கவலையில் நிற்கிறாள்.

தகவல் அலுவலர் வழி சொல்லலாம், வியாதியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. திறந்தால் வேலை போகும். வேலை போனால் பேசுவதற்குச் சுவர்தான் மிச்சம்.

"மூணாவது மாடி" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "டாக்டர்கிட்ட ஒண்ணு கேளும்மா. பாக்குறீங்களா, எடுக்குறீங்களான்னு."

"எடுக்குறதா? எத? எனக்கு அவரப் பாத்தாலே உதறும். நீங்க வந்து கேளுங்கக்கா. மைக்குல இங்கிலீஷ பொளந்து கட்டுறீங்களே."

"அது வார்த்தைம்மா. பேச்சு இல்ல."

மைக்கை அணைத்துவிட்டு எழுந்தாள்.

மருத்துவரிடம் தமிழில்தான் கேட்டாள். அவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் ஃபைலைப் பார்த்தார். "எடுக்குறதுதான். சொல்லலையா?" என்ற மருத்துவர் உட்கார்ந்து, தாளில் படம் போட்டு, பித்தப்பையில் கல் எங்கே, ஏன் எடுக்க வேண்டும் என்று விளக்கினார். அடுத்த வாரம் தங்கையோடு வந்து செய்துகொள்வதாக அந்தப் பெண் சொன்னாள். படிக்கட்டில் இறங்கும்போது, "உங்க வீட்ல யாரு இருக்காங்கக்கா?" என்று கேட்டாள்.

பிற்பகலில் மெமோ வந்தது: நாற்பது நிமிடம் இருக்கையில் இல்லை, விளக்கம் தேவை.

அவள் செய்தது இவ்வளவுதான்: ஒரு பெண்ணோடு மூன்று மாடி ஏறினாள், ஒரு கேள்வி கேட்டாள், முழுப் பதிலும் வரும்வரை பக்கத்தில் நின்றாள்.