பையைக் கொட்டச் சொன்னவர்

ஞானதாஸ் அண்ணன் போய்விட்ட செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. இந்தப் பக்கத்து மருந்துக் கடைக்காரர்கள் சேர்ந்திருக்கும் குழு அது. காலை ஒன்பதே முக்கால், கடையில் நான் மட்டும். அவருடைய பழைய படம் ஒன்று, அதன் கீழே ‘ஆதராஞ்சலிகள்’ என்று மலையாளத்தில் ஒரு வரி, அதற்கும் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக. அந்தக் கைகளுக்கு நடுவில் ஒரு மொத்த வியாபாரி தன் விளம்பரத்தைப் போட்டிருந்தான். வலி மாத்திரை, பத்து அட்டை எடுத்தால் ஓர் அட்டை இலவசம், இன்று மட்டும். அதற்கும் இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். சீ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வலி மாத்திரைதான் அவருடைய சிறுநீரகத்தைத் தின்றது. நாள் தவறாமல் பதினொரு மணிக்கு அதை அவர் உள்ளங்கையில் வைத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருச் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டவர்கள், “நல்ல விஷயமா நாலு வரி போறும் மாமி” என்றார்கள். நல்ல விஷயம் நிறையவே இருக்கிறது. ஆனால் இதை விழுங்கிவிட்டு அதை மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. அவர் பாறசாலைக்காரர், தினமும் ரயிலில் வந்து போவார். ஞாயிறு அவருக்குச் சபை, மற்ற ஆறு நாளும் கவுண்டர். நான் அக்ரஹாரத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன். பதினெட்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். என் ‘கேட்டேளா’வை அவர் கேலி செய்வார், அவருடைய ‘எனக்க, ஒனக்க’வை நான் திருப்பிச் செய்வேன். யாராவது டாக்டர் சீட்டை நீட்டினால் நான் உடனே அலமாரிக்குப் போவேன். அவர் சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “பையக் கொட்டுங்க பாப்போம். வேற என்னெல்லாம் தின்னுதிய?” என்பார். பை இல்லாமல் வந்தவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி எடுத்துவரச் சொல்வார். உங்களில் பாதிப் பேர் அவரிடம் முகம் சுளித்தவர்கள்தாம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொட்டினால் என்னென்ன விழும் தெரியுமா? போன டாக்டரின் மாத்திரை, அதற்கு முந்தின டாக்டரின் மாத்திரை, எதிர்வீட்டு மாமிக்குக் கேட்டதென்று கடன் வாங்கின மாத்திரை, மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த டப்பா.

“மருந்துக்கு வால் உண்டு பிள்ளே” என்பார் என்னிடம். “தலையப் பாத்து டாக்டர் எழுதுகான், தலையப் பாத்து நாம விக்கோம். வால எவன் பாக்கான்?”

கிழக்கேகோட்டையில் கோயில் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மாமா எங்கள் கடைக்கு வருவார். எட்டு மாதமாக வறட்டு இருமல். நாலு வகை சிரப் குடித்தாயிற்று, எக்ஸ்ரே எடுத்தாயிற்று, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுத் தலையணையெல்லாம் மாற்றியாயிற்று. மருமகள் அவருடைய டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். ஐந்தாவது சிரப்புக்கு வந்து நின்றவரிடம் அண்ணன் பையைக் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இந்தப் பிரஷர் மாத்திரை எப்பம் தொடங்கினது?” போன ஓணத்துக்கு. “இருமல்?” மாமா யோசித்தார். ஓணம் கழிந்து கொஞ்ச நாளில். “நீங்களா நிறுத்தப்பிடாது கேட்டியளா. டாக்டர்ட்ட போயி, இருமலு இந்த மாத்திரையால வருமான்னு மட்டும் கேளுங்க” என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

அன்று மத்தியானமே டாக்டர் கடைக்குப் போன் செய்தார். “தான் டாக்டராணோ?” என்று, நீ என்ன டாக்டரா என்று, அவர் மலையாளத்தில் கத்தியது எனக்கே கேட்டது. அண்ணன், “இல்ல சாரே, இல்ல சாரே” என்று நின்றார். ஆனாலும் மாத்திரை மாறியது. மூன்று வாரத்தில் இருமல் நின்றது. மாமா என்ன செய்தார் தெரியுமா? அரைக் கிலோ நேந்திரங்காய் உப்பேரி வாங்கிக்கொண்டு எங்கள் கடை வழியாகவே டாக்டர் வீட்டுக்குப் போனார். எங்களுக்கு ஒரு துண்டு வறுவல் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சிரித்தார். “இருமல் நின்னுதுல்லா? பெறவு என்னத்துக்கு ஒனக்கு உப்பேரி?”

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதில் நான்தான் கெட்டவள். எங்கள் தெருவில் ஒரு மாமிக்கு மூட்டு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருந்தார்கள், ஐந்து நாளைக்கு. சாப்பிட்டதும் வலி பறந்துவிட்டது. இப்படியொரு அமிர்தத்தை விடுவாளா? பத்திரம் போட்டோஸ்டாட் எடுக்கும் கடையில் அந்தச் சீட்டை லேமினேட் செய்து, சுவாமி அலமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மாதாமாதம் அதை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போவாள். இது எங்கள் தெருக்களில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்கிறேன். ரேஷன் கார்டுக்கும் கிடைக்காத மரியாதை டாக்டர் சீட்டுக்கு. ஒரு வருஷத்தில் மாமிக்கு முகம் உருண்டு பளபளவென்று ஆயிற்று. “மாமி நன்னா பூசினாப்ல ஆயிட்டாளே” என்று கோயிலில் எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். அது மருந்தின் வீக்கம் என்று படித்துப் பாஸானவள், வாய் கூசாமல் மெச்சினேன்.

அண்ணன் அவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரிடம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொன்னார். மாமி அவருடைய ஜாதகத்தையே திட்டிவிட்டுப் போனாள். மறுவாரம் அவர் லீவு. மாமி வந்து சீட்டைக் காட்டி, “நீ நம்மாத்துக் குழந்தையோன்னோ” என்றாள். நான் வெட்டிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, எலும்பு பிஸ்கோத்து மாதிரி ஆகியிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஒனக்க கை வெட்டிக் குடுத்துது, ஒனக்க வாய் ஒண்ணும் கேக்கல்ல பிள்ளே” என்றார், அவ்வளவுதான்.

இனி அவர் காலுக்கு வருகிறேன். மருந்துக்கடையில் வேலை என்றால் நிற்கிற வேலை. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை நிற்க வேண்டும். உட்கார ஏதாவது போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் முதலாளி ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். போட்ட அன்றைக்கே அதன்மேல் பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டிகளை அடுக்கினார். அதிகாரி வந்தால் இறக்குவோம், போனதும் ஏற்றுவோம். அண்ணனுக்கு முழங்கால் தேய்ந்தது. பதினொரு மணிக்கு டீ வரும். கிளாஸை இடது கையில் வாங்கிக்கொண்டு வலது கையை என் பக்கம் நீட்டுவார், “ஒண்ணு எடு லலிதா” என்று. வெட்டின அட்டைகள் போட்டு வைக்கும் டப்பாவிலிருந்து ஒரு வலி மாத்திரையை எடுத்து வைப்பேன். டீயோடு விழுங்குவார். நாலு வருஷத்துக்கு மேல் இது நடந்தது. சர்க்கரை போடவா என்று கேட்பதுபோல, “ரெண்டா வேணும் அண்ணா?” என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

நடுவில் அவருக்குப் பிரஷர் ஏறியது. மாத்திரை எழுதினார்கள். பிறகு கணுக்கால் வீங்கியது. தோல் செருப்பை விட்டு ரப்பர் செருப்புக்கு மாறினார். “அண்ணனுக்கு ஆனைக்கால் வந்தாச்சு” என்று நான் கிண்டல் செய்தேன், அவரும் சிரித்தார். வீக்கத்துக்கு நீர் இறங்கும் மாத்திரை எழுதினார்கள். அப்புறம் வாந்தி, சோர்வு, சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் ஓர் இளம் டாக்டரம்மா கேட்டாளாம், வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. இவர் இல்லை என்றிருக்கிறார். மகள்தான், “அப்பா, கடையில திங்கியது?” என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதற்கு அவர் சொன்ன பதில் இது: “அது மருந்தா? அது வேலைக்குள்ளதுல்லா.”

ஊரார் பையையெல்லாம் கொட்டிப் பார்த்த மனிதர் தன் பையில் அதைச் சேர்க்கவே இல்லை. அலமாரியிலிருந்து நாமாகவே எடுத்து விழுங்குவது எங்களுக்கெல்லாம் மருந்துக் கணக்கிலேயே வராது, டீயோடு சேர்ந்தது. கடைக்காரர்களுக்கே உரிய முட்டாள்தனம் இது. அவர் மேலும் எனக்குக் கோபம்தான். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று யார் சொன்னது?

அடக்கத்துக்குப் பாறசாலை போயிருந்தேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவர் மனைவி ரோஸ்லெட் அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். “இதெல்லாம் பொட்டிக்காத்த மாத்திரை, பிரிக்கவே இல்ல. கடையில திருப்பி எடுப்பாங்களா?” என்றார். சாவு நடந்த வீட்டிலிருந்து எங்கள் கடைக்கு இப்படிக் கவர்கள் வருவது வழக்கம்தான். நான் வாசல் பெஞ்சில் கொட்டினேன். கை தானாக வரிசைப்படுத்திவிட்டது, அவர் செய்கிற மாதிரியே. முதலில் வலி மாத்திரை, அவர் சட்டைப் பையில் மிச்சமிருந்த ஒன்றே ஒன்று. அது ஏற்றிவிட்ட பிரஷருக்கு அடுத்த மாத்திரை. அது வீங்கவைத்த காலுக்கு மூன்றாவது. மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அறுத்திருக்கின்றன. ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு பெஞ்சில் கிடந்தன. இரண்டு நிமிஷத்தில் புரிகிற விஷயம் அது. இதே மாதிரிப் பைகளை ஆயிரம் தடவை பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

“இதுல எது மக்களே?” என்று என்னிடம் கேட்டார் அக்கா. அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. தெரியாது என்று சொல்லிவிடலாம், சர்க்கரை, வயசு, விதி என்று எதையாவது சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

முதல் மாத்திரையைத் தொட்டுக் காட்டினேன். “இதுலேர்ந்து தொடங்கினது. இது நான் கொடுத்தது அக்கா. டெய்லி நான்தான் கொடுத்தேன்.”

அவர் கத்தவில்லை, அழவுமில்லை. என்னைப் பார்த்து, “ஒண்ணும் கேக்காமலா குடுத்த?” என்றார். அந்த வீட்டில் அந்த மனிதரோடு குடியிருந்த ஒருவரால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். “ஆமாம் அக்கா, கேட்கலை” என்றேன். கவரை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

மறுநாள் கடைக்குப் போனதும் ஸ்டூல் மேலிருந்த டயப்பர் பெட்டிகளைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதலாளி பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார். பதினொரு மணிக்கு டீ வந்தது. என் கை பழக்கத்தில் டப்பாவுக்குப் போய் நின்றது, நீட்ட அந்தப் பக்கம் யாரும் இல்லை. அந்த டப்பாவைக் காலி செய்து குப்பையில் போட்டேன்.

அஞ்சலியில் கடைசியாக, அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது என்ன என்று எழுத வேண்டுமாம். அவருடைய கண்ணாடி வீட்டிலிருக்கிறது, கத்தரிக்கோல் கடையிலிருக்கிறது. எனக்கென்று கிடைத்தது ஒரு கேள்விதான். அதையும் அவர் இருந்தபோது நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி கையால் அடிவாங்கியதுபோல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் முதலாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். ஸ்டூல் வாங்கி அதன்மேல் பெட்டி அடுக்கிய அதே முதலாளி. அந்த மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு இன்னும் ஆவதில்லை. டீ கிளாஸை ஒரு கையில் வைத்துக்கொண்டு வலி மாத்திரைக்கு மறுகையை நீட்டினார்.

“லலிதே, வேதனைக்குள்ள குளிக ஒரெண்ணம் இங்ஙெடு.”

நான் எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினேன். “உக்காருங்கோ. வேற என்னெல்லாம் சாப்பிடறேள்?”

“நீயும் தொடங்கியோ?” என்றார்.

“ஆமாம்” என்றேன். “பையைக் கொட்டுங்கோ.”