மூன்று பெயர்கள், ஒரே முகவரி

விவாத மேடையில் எனக்குக் கால் நடுங்கியது ஒரேயொரு நாள்தான். அதுவும் எதிரணிக்கு அஞ்சியல்ல. மூன்றாம் வரிசையில், இஸ்திரி போட்டுப் புதிதாக மினுக்கிய வெள்ளைச் சட்டையோடு அமர்ந்திருந்த ஒரு தலையணை உறை வியாபாரிக்கு அஞ்சி.

பாடசாலைகளுக்கிடையிலான விவாதப் போட்டியில் எங்கள் அணி அந்த ஆண்டுதான் முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியிருந்தது. கண்டி நகரில் ஒரு மண்டபம், சனிக்கிழமை காலை. பாதுகாப்புச் செலவினத்தின் ஒப்பந்தங்கள் யாருக்கு வழங்கப்படுகின்றன என்பது மக்களுக்குப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும் என்பது தலைப்பு. நாங்கள் சார்பாகப் பேச வேண்டியவர்கள். அணித் தலைவி நான்; இரண்டாம் பேச்சாளர் என் தோழி, அக்குறணைக்காரி, வகுப்பில் என் பக்கத்துக் கதிரை.

இத்தகைய தலைப்புக்கு மற்றவர்கள் உணர்ச்சியைத் தேடுவார்கள்; நான் ஆவணத்தைத் தேடுபவள். இணையத்தில் வெளியாகியிருந்த டெண்டர் எனப்படும் கேள்வி மனு அறிவித்தல்களையும், ஒப்பந்தம் பெற்றோரின் பட்டியல்களையும் நகரத்துக் கொமினிகேஷன் கடை ஒன்றில் அச்செடுத்து, வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுவதும் பரப்பினேன். யார் வென்றார் என்பதற்குச் சிவப்புப் பேனை, யார் யார் போட்டியிட்டனர் என்பதற்குப் பச்சை, முகவரிக்கு நீலம். கப்பல், விமானம் போன்ற பெரிய கொள்வனவுகளைப் பற்றி அந்தத் தாள்களில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சிறியவைதான் தாராளமாக இருந்தன: துவாய், தும்புத்தடி, மழைக்கோட்டு, காலுறை, தலையணை உறை. அந்த வேறுபாட்டின் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏனெனில் என் நீலப் பேனை வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தது.

எங்கள் பக்கத்து இராணுவ முகாம்களுக்கான வழங்கல்களை மூன்று வெவ்வேறு பெயர்கள் மாறி மாறி வென்றிருந்தன. மூன்றுக்கும் ஒரே முகவரி. அக்குறணையில் ஒரு மேட்டுத் தெரு, ஒரே வீட்டிலக்கம். தலையணை உறைக்கான கேள்வி மனுவில் அவற்றுள் இரண்டு ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிட்டும் இருந்தன.

அன்று பின்னேரம் அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று ஒரு வசனத்தைச் செதுக்கினேன்: “பெயர்கள் மூன்று, கதவு ஒன்று, போட்டி பத்திரத்தில், பங்கு பந்தியில்.” நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். அந்த வழியால் போன அப்பா கேட்டார்: “அலுமாரி கை தட்டினதோ?”

மறுநாள், வியாழக்கிழமை, பாடசாலை விட்ட பின் வெறும் வகுப்பறையில் அதைத் தோழிக்கு அரங்கேற்றினேன்.

“நல்லாத்தான் ஈக்கு,” என்றாள், வடையைக் கடித்தபடி. “அந்த அட்ரஸக் காட்டு.”

தாளை வாங்கிப் படித்தவள் மெல்லுவதை நிறுத்தினாள். “இது எங்கட பெரிய மாமாட வீடு.”

“எது?”

“இந்த நம்பர். மூணு பேர்ல ரெண்டாவது எங்கட வாப்பா.”

அவளுடைய வாப்பாவின் கடைக்கு நான் போயிருக்கிறேன். பெயர்ப்பலகையில் இருப்பது ஒரு பெயர், பதிவில் இருப்பது இன்னொன்று என்பது எனக்குத் தெரியாது. எழுத வெட்கமாக இருக்கிறது, அந்தக் கணத்தில் எனக்கு மகிழ்ச்சியே உண்டானது. சான்று இன்னும் வலுத்துவிட்டதல்லவா?

“அப்ப உனக்கு முந்தியே தெரியுமோ?” என்றேன்.

“என்ன தெரியுமோ? எங்கட வாப்பாவக் கள்ளன்டு மைக்ல சொல்லப் போறியா? நாளண்டைக்கி அவர் முன்னுக்கு வந்து இருப்பார். சட்டையும் மினுக்கி வெச்சாச்சு.”

“நான் பேர் சொல்ல மாட்டன். முகவரியை மட்டும்தான்.”

“அக்குறணைல அட்ரஸச் சொன்னா பேரச் சொன்ன மாதிரித்தான். மண்டபத்துல பாதிப் பேர் எங்கட ஊர்.” வடையைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். “நாளைக்கி என்னோட வா. பாத்துட்டு, அப்பவும் சொல்லணும்டா சொல்லு. நான் பக்கத்துக் கதிரைலதான் இருப்பன்.”

ஒரு தந்தையின் நற்பெயரும் ஒரு நட்பும் என் ஒரு வசனத்தின் முனையில் நின்றன. வசனமோ நல்ல வசனம். அதுதான் தொல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கடைகள் மீண்டும் திறக்கும் நேரத்தில் மாத்தளை பஸ்ஸிலிருந்து அக்குறணையில் இறங்கினோம். தாழ்ந்த கடைவீதி, பின்னால் ஓயா என்னும் சிற்றாறு. கடைச் சுவர்களில் என் தோளுயரத்துக்கு மண்நிறத்தில் ஒரு கோடு நீண்டு போனது. அங்கிருந்து படிகளில் ஏறி மேட்டுத் தெருவுக்குப் போனோம்.

அந்த வீட்டு விறாந்தைச் சுவரில் பிஸ்கட் டின்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு கடையின் பெயர் பெயின்டால் எழுதப்பட்டிருந்தது. என் சிவப்புப் பேனை வட்டமிட்ட மூன்று பெயர்களும் அங்கே இருந்தன. வட்டமிடாத நாலைந்தும் இருந்தன. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரிய மாமா ஒரு கதிரையில் இருந்தார். எதிரே என் தோழியின் வாப்பாவும் மெலிந்த ஒருவரும் பால் விடாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க மகள்,” என்றார் வாப்பா, ஒரு கோப்பைப் பிளேன்டியை என் பக்கம் நகர்த்தியபடி. “எங்கள மேடையில ஏத்தப் போறீங்களாம்.”

“இவர மட்டும் ஏத்தினாச் சரி வராது,” என்றார் மெலிந்தவர். “என்னையும் ஏத்துங்க. இவர்ட எதிரி நான்தான்.”

தலையணை உறைக்கு வாப்பாவை எதிர்த்து மனுப் போட்டவர் அவர்தான். எல்லோருக்கும் ஒரே முகவரி வந்த கதையை இருவருமாகச் சொன்னார்கள்.

“முந்தி ஒரு மழைக்கி கடைக்குள்ள ஓயா வந்துட்டு,” என்றார் வாப்பா. “துவாய் டெண்டர் கெடச்ச கடிதமும் தண்ணிக்குள்ள. காயப் போட்டு வாசிக்கிற நேரம் பதில் குடுக்கிற திகதி போயிட்டு.”

“அதால அது எனக்குக் கெடச்சிச்சி,” என்றார் மெலிந்தவர். “ ஓயாவுக்கு நான் இன்னும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுக்கல்ல.”

அதன்பின் அரசாங்கத்துக்குச் சாமான் கொடுக்கும் கடைவீதிக்காரர் எல்லோரும், வெள்ளம் ஏறாத மேட்டில் இருந்த அந்தத் தபால்காரரின் வீட்டையே தங்கள் பதிவு முகவரியாகக் கொடுத்துவிட்டார்கள். கடிதங்கள் வரும், அவரவர் டின்னில் விழும்.

நான் விவாதி. அவ்வளவில் விட என் பயிற்சி இடம் தரவில்லை. “ஒருத்தருக்கு வந்த கடிதத்தை மற்றவர் எடுத்து ஒளிச்சு வைக்கலாம்தானே? டின்னுக்குப் பூட்டும் இல்லை,” என்றேன்.

“வைக்கலாம்,” என்றார் மாமா. “அதுக்குத்தான் உள்ளுக்கு வெக்காம விறாந்தைல தொங்க விட்டீக்கி. எந்த டின்ல கடிதம் ஈக்குண்டு றோட்டால போற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் மத்தவன்ட டின்ல கை போட்டா, முன் வீட்டுப் பொம்பளைகளே கேப்பாங்க.”

“விலை? ரெண்டு பேரும் கதைச்சுப் போட்டுத்தானோ போடுறியள்?”

“விலைய நான் என்ட மனிசிக்கும் சொல்றல்ல,” என்றார் வாப்பா.

“அது உண்மை,” என்றாள் தோழி. “உம்மா இன்னும் கேட்டுட்டுத்தான் ஈக்கிறா.”

முழுவதையும் நம்பிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அவர்கள் ஒத்துப் பேசவில்லை என்பதற்கு அந்த டின்கள் சான்றல்ல. ஒத்துப் பேசினார்கள் என்பதற்கு என் முகவரியும் சான்றல்ல. திரும்பும் பஸ்ஸில் அந்த வசனத்தைக் குறிப்பட்டையில் வெட்டினேன். தோழி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்; பைக்குள்ளிருந்து ஒரு வடையை எடுத்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

சனிக்கிழமை, நாவலப்பிட்டியிலிருந்து வந்த எதிரணித் தலைவர் தொகுப்புரையில் இப்படி முழங்கினார்: “பட்டியலை எல்லோர் கையிலும் கொடுத்தால், விபரம் அறியாதவர்கள் வெறும் முகவரியைப் பார்த்தே ஒருவருக்குக் கள்வன் பட்டம் சூட்டுவார்கள்!”

அப்போதுதான் கால் நடுங்கியது. அவர் விவரித்த விபரம் அறியாதவள் நான்தானே. மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டை அசையாமல் இருந்தது.

என் தொகுப்புரைக்கு எழுந்தேன். ஆயத்தம் செய்த உரையை மேசையிலேயே விட்டேன். “எதிரணித் தலைவர் சொன்ன தவறை இந்த வாரம் நானே செய்தேன்,” என்று தொடங்கினேன். “ஒரு பட்டியலைப் பார்த்தேன், நேர்மையாகத் தொழில் செய்யும் ஒருவர்மீது ஐயம் கொண்டேன். முகவரி அதில் இருந்ததால்தான் போய்ப் பார்க்க முடிந்தது. பார்த்ததால்தான் என் வசனத்தை வெட்ட முடிந்தது. தலையணை உறை விற்றவரின் முகவரிக்குப் படியேறிப் போய் நான் கேள்வி கேட்டேன். அவர் எனக்குத் தேநீர் தந்தார். கப்பல் விற்றவரின் முகவரி எங்கே இருக்கிறது? எந்தப் படியில் ஏறி நான் கேட்பது?” மணி அடித்தது. நான் நிறுத்தவில்லை.

நேரம் கடந்ததற்காகப் புள்ளி குறைக்கப்பட்டு, கிண்ணம் நாவலப்பிட்டிக்குப் போனது. சிறந்த பேச்சாளர் விருது எனக்கு. அதைச் சொல்லாமல் விடுமளவுக்கு நான் அடக்கமானவள் அல்ல.

மண்டப வாசலில் வாப்பா ஒரு பையை என் கையில் வைத்தார். உள்ளே இரண்டு தலையணை உறைகள். “முகாம்ல திருப்பி அனுப்பினது. தையல் கோணல்டு சொன்னாங்க. பாத்துக்கங்க மகள், நீங்க எல்லாத்தையும் பாக்கிற ஆள்.” தோழி என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோணல்தான். சில மாதங்களின் பின் வெளியான அடுத்த பட்டியலில் தலையணை உறைக்கு நேரே வாப்பாவின் பெயர் இல்லை, அந்த மெலிந்தவரின் பெயர் இருந்தது. முகவரி அதேதான். நீலப் பேனையை நான் எடுக்கவில்லை. தோழிக்கு அழைப்பெடுத்து, வாப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.