ஏழு கடல் வரைய வாங்கிய மென்பொருள்

எண்ணிறந்த அண்டங்களைத் திருவயிற்றில் அடக்கி, அவற்றின் பாரம் முகத்தில் சிறிதும் தோன்றாமல் பாற்கடலில் கண்வளரும் பரம்பொருளின் திருவடிகளே காப்பு.

நிலப்படம் வரையும் மென்பொருள் வாங்குவது, வீட்டை வாங்கிக் குடிபுகுந்த பிறகு கதவும் சன்னலும் தனி விலை என்று அறிவதற்கு ஒப்பானது. இதே வழியில் நடந்து பாதம் நொந்த அன்பர்கள் நாட்டில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு இக்குறிப்புகள் ஆறுதலாகட்டும்.

துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குப் புராணம் படித்துப் பொருள் சொல்லி வருகிறேன். அசுரர் போர் நடந்தவரை நாற்பது பேர் கேட்டார்கள். உலகத்தின் அமைப்பைச் சொல்லும் பகுதிக்கு வந்தபோது அது ஒன்பதாகச் சுருங்கியது. அந்த ஒன்பதிலும் இருவர் மின்விசிறிக்காக வந்தவர்கள். கூடத்தின் செயலாளர் வைத்தியநாதன் நல்ல மனிதர். அதே நேரத்தைச் சிரிப்பு யோகாக் குழுவினர் கேட்டிருப்பதாகவும், புராணம் நிறைவுறும் நாளன்று கூட்டம் தேறாவிட்டால் அவர்களுக்கே கொடுக்க நேரும் என்றும் என்னிடம் தலைகுனிந்து சொன்னார்.

கேட்பவர்க்குக் கண்ணால் காட்டினால் விளங்கும் என்று எண்ணினேன். நடுவில் வட்டமாக நாவலந்தீவு. நாம் வாழ்வது அதில். அதைச் சுற்றி உப்புக்கடல். அதைச் சுற்றி வளையம்போல் இரண்டாம் தீவு, அதைச் சுற்றிக் கருப்பஞ்சாற்றுக் கடல். இப்படியே தீவும் கடலும் மாறிமாறிக் கள், நெய், தயிர், பால், நன்னீர் எனக் கடல்கள் ஏழு. இதைப் பென்சிலால் வரைந்து கூடத்தில் ஒட்டினேன். கண்டவர்கள் கோலம் நன்றாக இருக்கிறது என்றார்கள். முலுண்டில் இருக்கும் என் மகள், இதற்கென்றே மென்பொருள் விற்கிறதே என்று தொலைபேசியில் சொன்னாள். என் தொல்லைகள் அங்கே தொடங்கின.

எந்தப் பிரிவு

சயான் நிலையத்துக்கு அருகில் கணினிக் கடை வைத்திருக்கும் காதர் பாய், தென்மாவட்டத்திலிருந்து அவருடைய தந்தை காலத்திலேயே இங்கு வந்த குடும்பத்தவர். ஏழு கடலும் ஏழு தீவும் வரைய வேண்டும் என்று அவரிடம் என் தேவையை முறையாக எடுத்துரைத்தேன். "கேம் விளையாடவா சார்?" என்றார். விளையாட்டுக்கு அன்று, புராணத்துக்கு என்றேன். "டீக் ஹை சார், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் திரையில் தேடினார்.

திரையில் இரண்டு பிரிவுகள் வந்தன. ஒன்று மண்ணில் உள்ள ஊர்களுக்கு. அதில் சாலையும் ரயில் பாதையும் இருந்தன. மற்றொன்று கற்பனை உலகங்களுக்கு. அதில் 'டிராகன்' என்னும் பறவைநாகங்கள் நெருப்பை உமிழ்ந்தன. இரண்டையும் நான் மாறிமாறி நோக்கிக்கொண்டிருந்ததைக் கண்ட காதர் பாய், கையைச் சுட்டெலியிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: "உங்க ஊரு நெஜமா இருக்கா, இல்லியா? அதச் சொல்லுங்க சார், அப்பத்தான் எந்த செக்‌ஷன்ல வாங்கணும்னு நான் சொல்ல முடியும்."

வெப்பமண்டலக் காடு

 கற்பனை உலகப் பிரிவிலேயே வாங்கினேன். வளையத் தீவு வரைய அதில்தான் வசதி இருந்தது. தீவுகள் பெரும்பாலும் தத்தம் மரத்தாலும் செடியாலும் பெயர் பெற்றவை: நாவல், இத்தி, இலவு, தருப்பை என. மென்பொருளில் இருந்தவையோ பனி படிந்த ஊசியிலை மரங்களும் கல்கோட்டைகளுமே. வேறு மரம் வேண்டுவோர் 'ஆட்-ஆன்' என்னும் துணைப் பொருளைத் தனியே வாங்க வேண்டும் என்று ஒரு பெட்டி எழுந்து வந்து சொன்னது. 'வெப்பமண்டலக் காடு' என்ற ஆட்-ஆனை வாங்கினேன்.

திறந்தால், வளைந்த தென்னைகள் ஒன்பது, உடைந்த கப்பல் ஒன்று, புதையல் பெட்டி ஒன்று, மணலில் சாய்ந்து அமர்ந்த எலும்புக்கூடு ஒன்று. நாவலும் இல்லை, இத்தியும் இல்லை. திறந்த ஆட்-ஆனைத் திருப்பிக் கொடுக்க இயலாதாம். கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கோமதி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, அந்த எலும்புக்கூட்டுக்கும் சேர்த்துத்தானே வாங்கியிருக்கேள்? வீணாக்காதீங்கோ. கள்ளுக்கடல் கரையில உக்கார வெச்சுடுங்கோ, பொருத்தமா இருக்கும்."

தயிருக்கு விண்ணப்பம்

மென்பொருளில் கடல் என்றால் நீலம் ஒன்றே. சேற்றுக்கடல், நஞ்சுக்கடல், உறைந்த கடல் ஆகியவை தனி ஆட்-ஆனில் வரும். எனக்கு வேண்டியவை நெய்யும் பாலும் தயிரும். ஆகவே விற்பனை நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு, அலுவலகத்தில் நாற்பதாண்டு பழகிய முறைப்படி, பொருள், பார்வை, தங்கள் உண்மையுள்ள என்று எல்லாம் இட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். கெட்டித் தயிரின் மேற்பரப்பு எவ்வாறு இருக்கும் என்பதையும் ஒரு பத்தியில் விளக்கியிருந்தேன்.

மூன்றாம் நாள் விடை வந்தது. எழுதியவர் எந்த நாட்டவரோ அறியேன், பணிவானவர். அவர் எழுதியதை ஒன்றும் கூட்டாமல் தமிழில் தருகிறேன்: "பாலுக்குப் பனிப்பரப்பையும் நெய்க்கு எரிமலைக் குழம்பையும் பயன்படுத்திப் பாருங்கள், தயிர் கேட்டு இதுவரை எங்களுக்கு எவரும் எழுதியதில்லை."

முந்தியது பாலா, தயிரா

கடல்களின் வரிசையில் நூல்களுக்குள் ஒரு வேறுபாடு உண்டு. சிலவற்றில் தயிர் உள்ளே, பால் வெளியே. சிலவற்றில் பால் உள்ளே, தயிர் வெளியே. இரண்டுக்கும் உரையாசிரியர் துணை இருக்கிறது. படத்தில் ஒன்றைத்தான் வரைய முடியும். அடுக்குகளை மேலும் கீழும் மாற்றித் தரும் ஆட்-ஆன் ஒன்றை இதற்காகவே வாங்கி, காலையில் தயிரை உள்ளே வைப்பேன், மாலையில் வெளியே எடுப்பேன். பத்து நாள் இப்படிக் கழிந்தது. நிறைவு நாளோ நெருங்கியது.

வைத்தியநாதனிடம் போய் இரு பக்கத்துச் சான்றுகளையும் விரித்துச் சொன்னேன். அவர் மாடிப்படியில் நின்றபடி முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "எது உள்ள இருந்தா என்ன மாமா? பாலும் தயிரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, காலம்பற எழுந்து பார்க்கறச்சே ரெண்டுமே தயிராத்தான் இருக்கும்."

கடுகு

அளவுதான் என்னைப் பெரிதும் சோதித்தது. ஒவ்வொரு தீவும் தனக்கு முந்தையதைப்போல் இருமடங்கு அகலம். ஒவ்வொரு கடலும் தான் சூழ்ந்த தீவின் அகலம். இந்தக் கணக்கை மென்பொருளில் இட்டுப் பார்த்தேன். நன்னீர்க் கடல் திரையை நிறைத்தது. நாவலந்தீவைக் காணவில்லை. பெரிய தாளில் வரைய உரிமம் தரும் ஆட்-ஆனை வாங்கி, நான்கடிக்கு நான்கடியாகப் படத்தை விரித்தேன். அப்போது நட்டநடுவே நாவலந்தீவு தெரிந்தது. கடுகளவு இருந்தது. அதற்குள்ளேதான் இமயமும் கங்கையும் மாட்டுங்காவும். பெயர் எழுத இடமில்லை. எல்லாரும் குடியிருக்கும் இடத்துக்குப் பெயர்ப்பலகை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நடுவில் இருப்பதை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்ன என்று கோமதி கேட்டாள். ஆன்றோர் வகுத்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமையில்லை என்றேன். அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றித் திரையருகே குனிந்து, கடுகைச் சிறிது நேரம் பார்த்தாள். "இவ்வளவு எடத்துக்குள்ளயா கீழ்வீட்டுக்காராளோட பார்க்கிங் சண்டை?"

மூஞ்சி இல்லாத பேனர்

படத்தை அச்சிடத் தாராவிக்குப் போனேன். தொண்ணூறடிச் சாலையில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் ஜெபமணி, திருநெல்வேலிக்குத் தெற்கே உள்ளவர். மாதா கோயில் திருவிழா முதல் தேர்தல் வரை அங்குள்ள பேனர்கள் பாதி அவர் கையால் வருபவை. என் கோப்பைத் திறந்தவர் திகைத்தார். "என்னய்யா, கல்யாணமா, கருமாதியா? ஒரு மூஞ்சியுங் காணலையே. மூஞ்சி இல்லாத பேனர் நம்ம கடையில இதான் மொதத் தடவ" என்றார். ஏழு கடலை விளக்கினேன். கள்ளுக்கடலில் அவருக்கு ஆர்வம் மிகுந்தது. அது உப்புக்கடலிலிருந்து எத்தனையாவது என்று இருமுறை கேட்டார்.

அவர் வேலைத் திறத்தையும் சொல்ல வேண்டும். மக்கள் கைபேசியில் எடுத்து வரும் படங்களில் உள்ள புள்ளி, தூசி, முகத்து மரு அனைத்தையும் அச்சுக்கு முன் ஒவ்வொன்றாக நீக்கிவிடுவார். அதைச் சொல்லிக் காட்டுவதும் இல்லை, தனியே காசு கேட்பதும் இல்லை. மறுநாள் படத்தைச் சுருட்டி, நூல் கட்டி, பிளாஸ்டிக் உறையிட்டு என் கையில் கொடுத்தார். விரித்துப் பார்க்கட்டுமா என்றேன். "எதுக்கு ஐயா, மழை வேற தூறுது. டென்ஷன் எடுக்காதீங்க. நானே உக்காந்து பாத்திருக்கேன். ஏக்தம் சாஃப், ஒரு தூசி துரும்பு கெடையாது."

நிறைவு நாள்

அன்று முப்பத்தைந்து பேர் வந்தார்கள். படத்தைப் பற்றிய பேச்சு பரவியிருந்ததும், சுண்டல் உண்டு என்று கோமதி சொல்லி வைத்திருந்ததும் காரணம். சிரிப்பு யோகாக் குழுவின் தலைவரும் கடைசி வரிசையில் வந்து அமர்ந்து, சுவரின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். வைத்தியநாதனும் நானும் படத்தை அவிழ்த்து மாட்டினோம். கூடம் வியந்தது, மறுப்பதற்கில்லை. எரிமலைக் குழம்பு நெய்யாக மின்னியது. பனிப்பரப்பு பாலாகப் பரந்தது. கடல் கடலாக வெளியிலிருந்து உள்ளே சொல்லிக்கொண்டு வந்தேன்; ஒருவரும் எழவில்லை.

முன்வரிசையில் இருந்த அலமேலு என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டார்: "எல்லாம் சரி, நாம எங்கே இருக்கோம்?" நடுவே விரலை வைத்தேன். விரலை எடுத்தேன். அங்கே நீலம்தான் இருந்தது. வைத்தியநாதன் செய்தித்தாள் படிக்கும் உருப்பெருக்கியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, "வெறும் தண்ணிதான் மாமா இருக்கு" என்றார். பின்வரிசையிலிருந்து யோகாத் தலைவரின் சிரிப்பு, பயிற்சி இல்லாமலே, கேட்டது. நாற்காலிகள் அசைந்தன. நான் ஜெபமணியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானும் அழுந்திவிட்டது போலும். நடுவில் ஒரு புள்ளி இருந்ததே என்றேன். கூடம் முழுவதும் கேட்க அவர் குரல் வந்தது: "ஆமாய்யா, நீலத்துக்கு நடுவுல கெடந்துச்சுல்லா, அத நாந்தான் தொடச்சேன். என்னது, அதுலதான் நாம எல்லாரும் இருக்கமா? ஐயோ, நான் தூசின்னுல்லா நெனச்சேன்!"

எவரும் சிரிக்கவில்லை. உலகத்தின் அமைப்பைப் படித்து நான் சொல்ல முயன்று வந்ததும் அதுவே. ஜெபமணி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கோமதி எழுந்து வந்தாள். கைப்பையைத் திறந்து, ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் இருந்தவற்றுள் மிகச் சிறியதைக் கிள்ளி எடுத்து, உப்புக்கடலின் நடுவே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். கடுகைவிட அது சற்றுப் பெரிது. அளவு பிசகியது தெரிந்தும், உருப்பெருக்கியை வாங்கி அலமேலுவிடம் நீட்டினேன். முப்பத்தைந்து பேரும் எழுந்து, உருப்பெருக்கியைக் கைமாற்றி, அந்தப் பொட்டைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். யோகாத் தலைவர் இருமுறை நின்றார். எல்லாரும் பார்த்து முடித்தபின் வைத்தியநாதன் என் அருகில் வந்தார்: "நாலு மணி உங்களுக்குத்தான் மாமா, யோகாவை நான் அஞ்சரைக்குத் தள்ளிடறேன். ஆனா அடுத்த புராணம் தொடங்கறதுக்குள்ள இந்தப் பொட்டுக்குள்ள மாட்டுங்கா எங்கேன்னு தனியா ஒரு படம் வரணும். அதுக்கு ஏதாவது ஆட்-ஆன் இருக்கான்னு பாருங்கோ."

ஏழு கடலையும் ஆட்-ஆன் ஆட்-ஆனாக வாங்கிச் சேர்த்த நான், மனிதர் குடியிருக்கும் ஒரே தீவை மட்டும் என் மனைவியின் கைப்பையிலிருந்து பெற்றேன் என்பதே இத்தொழிலில் நான் கண்ட சாரம்.

இதைப் படித்தோரும், பிறர் படிக்கக் கேட்டோரும், தத்தமக்கு வாய்த்த கடுகளவு இடத்தில் கடலளவு நலம் பெற்று வாழ்க. எந்தத் தூய கையும் அவர்களைத் தூசியென்று துடைத்துவிடாமல் இறைவன் காக்க.