சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள்

மாநாட்டில் எனக்கு ஒதுக்கியது பன்னிரண்டு நிமிஷம். கேள்விகளுக்கு மூன்று நிமிஷம் தனி. பல தேசத்து உயிரியலாளர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், எங்கள் பாகூர் கொம்யூன் கிராமங்களின் கட்டாந்தரையில் முட்டையிடும் ஒரு பறவையைப் பற்றி நான் பேச வேண்டும். ஆள்காட்டிக் குருவி. எங்கள் பக்கத்தில் ஆக்காட்டி என்போம். மனிதத் தலை தெரிந்தாலே ஊரைக் கூட்டிவிடும். அவ்வளவு உஷாரான பறவை, கூடு விஷயத்தில் மட்டும் மகா சோம்பேறி. உழவுக் கட்டிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதில் மண் நிறத்தில் நாலு முட்டை, அவ்வளவுதான் வீடு. டிராக்டர் ஏறினால் போயிற்று.

நான் விவசாய வீட்டுப் பெண் இல்லை. அத்தாவுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர். வளையலுக்கும் ஹேர்பின்னுக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். வயல் என்பது எனக்கு பஸ் ஜன்னலில் ஓடுகிற பச்சை, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தப்பை நிலம் வைத்திருக்கிற வீட்டில் பிறந்த யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

போன வருஷக் கோடையில் என் ஆராய்ச்சி வேலை இதுதான். காலையில் ஸ்கூட்டரில் கிளம்பி, கிருமாம்பாக்கம் பக்கம் கடலூர் ரோட்டை ஒட்டிய வயல்களிலும், உள்ளே பாகூர் ஏரிக்கரையோர வயல்களிலும் கூடு தேடுவது. ஆக்காட்டி முட்டையை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பினால் மறுபடி கண்ணுக்குத் தெரியாது. அதனால் கூட்டிலிருந்து நாலு எட்டு தள்ளி ஒரு மூங்கில் குச்சி நட்டு, நுனியில் ரிப்பன் கட்டிவிடுவேன். ரிப்பன் எங்கள் கடையில் எடுத்தது. "மஞ்ச எடுத்துக்கம்மா, விக்காம கெடக்குது" என்றார் அத்தா. தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே என்று சிவப்பைத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு ரோட்டோரத்திலிருந்து கூடுவரைக்கும் நீள டேப்பைப் பிடித்து அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த வயலுக்குப் போய்விடுவேன். தலையில் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஜிபிஎஸ்.

கூடு இருக்கிற இடத்தை யாரிடமும் சொல்லாதே என்பது என் பேராசிரியை எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விதி. சொன்னால் பார்க்க வருவார்கள், பார்க்க வந்தால் பின்னாலேயே நாயும் வரும். யாராவது கேட்டால் "சும்மா அளவு எடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பெரும்பாலும் யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

கோடை முடிந்து கணக்குப் போட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஏரிப் பக்கம் பாதிக்கு மேல் கூடுகள் உழவில் போய்விட்டன. அங்கே குச்சியைக்கூட விட்டுவைக்கவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரிப்பனை அவிழ்த்து ஜடையில் கட்டிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ரோட்டுப் பக்கமோ, பெரும்பாலான கூடுகளில் குஞ்சு பொரித்திருந்தது. லாரிச் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவே. அந்த வயல்களில் பலவற்றில் உழவே நடக்கவில்லை. ரோட்டோர நிலம்தானே, ப்ளாட் போடக் காத்துக் கிடக்கும், அதனால் பறவைக்கு யோகம் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிவிட்டேன். நெடுஞ்சாலை ஓரம் பறவைக்குப் புகலிடம் என்று தலைப்பும் வைத்தேன். மாநாட்டுக்காரர்களுக்குத் தலைப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கட்டுரைச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டு, பயணத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். அத்தா ஹேர்பின் வாங்க வந்தவர்களிடமெல்லாம் என் விமானப் பயணத்தைப் பற்றிச் சொன்னார்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, கடைசி ஸ்லைடுக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று கிருமாம்பாக்கம் போனேன். ரோட்டை ஒட்டிய ஒரு வயலில் ஒரு வருஷம் ஆகியும் என் குச்சி ஒன்று அப்படியே நின்றது. ரிப்பன் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் புல். பக்கத்து வயல்களில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவுக்குச் சேறு கலக்கிக்கொண்டிருந்தார்கள், இது மட்டும் தரிசு. எனக்குப் படம் அருமையாக வந்தது. முட்டி போட்டு இன்னொரு கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரோடு எப்பம்மா வருது?"

அந்த வயலுக்குச் சொந்தக்காரி. ஐம்பது வயதிருக்கும். போன கோடையிலும் பார்த்திருக்கிறேன், வரப்பில் நின்று என்னைக் கவனித்துக்கொண்டே இருப்பார், ஒன்றும் கேட்க மாட்டார்.

"எந்த ரோடுக்கா?"

"இன்னாம்மா இப்டி கேக்குற. நீதான செவப்பு கட்டுன குச்சி நட்டுட்டு போன? டேப்பு புடிச்சி அளந்த. எங்க நெலம் எதுவரிக்கும் போவுதுன்னு அந்தக் குச்சிய வெச்சிதான் நெனச்சிக்கினு இருக்கோம்."

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கத்தில் எப்போதும் உண்டு. நிலம் எடுக்க அளப்பவர்கள் சிவப்புத் துணி கட்டிய குச்சிதான் நடுவார்கள், ரோட்டிலிருந்து டேப் பிடித்துத்தான் அளப்பார்கள். அந்தக் குச்சியைப் பிடுங்கினாலோ, அதைத் தாண்டி உழுதாலோ வம்பு என்று ரோட்டோரத்தில் நிலம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படி வருகிறவர்களிடம் வாய் கொடுக்கக் கூடாது, கேள்வி கேட்டவர் பெயரைத் தனியாக எழுதிக்கொள்வார்கள் என்றும் ஒரு பயம். ஏரிப் பக்கத்து ஜனங்களுக்கு ரோட்டுப் பயம் இல்லை, அதனால் குச்சியோடு சேர்த்து உழுதுவிட்டார்கள். ரோட்டுப் பக்கத்தில் குச்சி இருந்த வயலில் டிராக்டரை இறக்கவே இல்லை.

கூட்டைக் காப்பாற்றியது நெடுஞ்சாலை இல்லை. என் ரிப்பன்.

அந்த அக்கா பேசிக்கொண்டே போனார். போர்செட்டுத் தொட்டியோரம் பத்துத் தென்னங்கன்று வரிசையாகச் சாய்ந்து நின்றன. தம்பி வீட்டிலிருந்து கொண்டுவந்தாராம். ரோட்டோரமாகக் கிடக்கும் அரைக் காணியில் வைப்பதற்காக. குச்சி வந்ததால் வைக்கவில்லை. வேர் தேங்காய் மட்டையைப் பிளந்துகொண்டு தொட்டியோர மண்ணுக்குள்ளேயே இறங்கிவிட்டது. "வெச்ச பொறவு புடுங்கச் சொன்னா மனசு கேக்காதுல்ல? அதான் கேக்குறேன். எப்ப வருது?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ரோடு இல்லைக்கா, குருவி முட்டைக்குத்தான் குச்சி நட்டேன் என்று. எனக்குப் பயம்தான், ஆனால் அது அவர் நிலத்தை நினைத்து இல்லை. என் கணக்கை நினைத்து. என் தலைப்பை, ஐந்து நாளில் ஏறப்போகிற மேடையை நினைத்து. "தெரியலக்கா" என்றேன். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கன்னியக்கோயில் தாண்டும்வரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேராசிரியையிடம் சொன்னேன். நல்ல மனுஷி, பொய் சொல்லச் சொல்கிற ஆள் இல்லை. "ஆய்வின் வரம்புகள் என்று ஒரு ஸ்லைடு இருக்கிறதல்லவா, அதில் ஒரு வரி சேர்த்துவிடு. மனிதத் தலையீடு இருந்திருக்கலாம் என்று போடு. சுருக்கம் அச்சாகிவிட்டது, இப்போது தலைகீழாக மாற்றினால் உன்னை யார் நம்புவார்கள்?" என்றார். அந்த வரியைச் சேர்த்தேன். சின்ன எழுத்தில்.

விமானத்தில் பதினோரு மணி நேரம் அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ரோடு போடுகிற எவனாவது நாளைக்கு என் கட்டுரையை எடுத்துக் காட்டி, பாருங்கள், நெடுஞ்சாலை ஓரம் பறவைகள் சுகமாக வாழ்கின்றன என்று சொன்னால்? எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. போய் இறங்கிய ஊரில் எனக்குக் குளிர் தாங்கவில்லை. ஓட்டல் அறையில் உட்கார்ந்து பாதி ஸ்லைடுகளை அழித்தேன். வெளுத்த ரிப்பன் குச்சியின் படத்தை முதலில் வைத்தேன்.

மறுநாள் மேடையேறி, அச்சிலிருக்கும் என் சுருக்கம் தப்பு என்றுதான் ஆரம்பித்தேன். கூடத்தில் சலசலப்பு. தலைமை தாங்கியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கட்டிய ரிப்பனை ரோட்டு அளவை என்று மக்கள் நம்பிய கதையைச் சொன்னேன். ஃபேன்சி ஸ்டோரைச் சொன்னபோது சிரித்தார்கள். ரோட்டுப் பக்கத்துக் கணக்கு முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்று முடித்தேன். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒன்பதிலேயே முடிந்துவிட்டது. நல்ல கைதட்டு. இவ்வளவு பலமான கைதட்டை நான் எதிர்பார்க்கவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். அவர்கள் நாட்டில் வயலில் கூடு இருந்தால் உழவரிடம் சொல்லிவிட்டுத்தான் குச்சி நடுவார்களாம். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "உண்மையைத் தெரிந்துகொண்டபோது அந்த உழவர்கள் என்ன சொன்னார்கள்?"

இன்னும் சொல்லவில்லை, ஊருக்குத் திரும்பியதும் சொல்வேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தேநீர் இடைவேளையில் பலர் வந்து கைகுலுக்கினார்கள். என் நேர்மையைப் பாராட்டி, மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. தொட்டியோரம் சாய்ந்து நின்ற பத்துக் கன்றுகள்தான் கண்ணுக்குள் நின்றன. மீதி இரண்டு நாளும் யார் என்ன பேசினார்கள் என்று என் நோட்டில் ஒரு குறிப்பும் இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலையிலேயே கிருமாம்பாக்கம் போனேன். ரோட்டுப் பக்கம் குச்சி நட்ட வயல்காரர்கள் எல்லோரையும் பார்த்துச் சொல்வது என்று முடிவு. முதலில் இந்த அக்கா. போர்செட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரோடு அளக்கிறவள் இல்லை நான், படிக்கிறவள், ஆக்காட்டி முட்டைக்கு அடையாளமாகத்தான் குச்சி நட்டேன், அந்தக் குச்சிக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று. ரோடு ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம், அது எனக்கும் தெரியாது என்றும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த புடவையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"அந்த முட்டைய நான் அப்பவே பாத்துட்டேன். நீ வர்றதுக்கு மின்னாடியே. எம்மேலயே பாஞ்சி பாஞ்சி கத்திக்கினு இருந்திச்சி." கொடியில் புடவையை விரித்துவிட்டார். "இன்னான்னு சொல்லியிருந்தா, அந்த எடத்த மட்டும் உட்டுட்டு மீதிய ஓட்டியிருப்பேனே. ஒரு வருசம் நெலத்தப் போட்டு வெச்சிருக்கேன்."

"தப்புதான்க்கா."

"அன்னிக்கி போட்டா புடிக்க வந்தப்ப தெரிஞ்சிச்சா தெரியலயா?"

"தெரிஞ்சிச்சி."

"தெரிஞ்சிதான் தெரியலன்னியா?"

அவர் தொட்டியோரம் போய் ஒரு கன்றைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். வரவில்லை, வேர் உள்ளே நன்றாகப் பிடித்திருந்தது. கடப்பாரையை எடுத்து வேரோரத்தில் குத்தினார். எதிர்ப்பக்கம் போய்க் கன்றின் மட்டையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு குத்துக்குப் பிறகு நிறுத்தினார்.

"அப்புறம் எங்க போயிருந்த இவ்ளோ நாளு?"

வெளிநாட்டுக்கு என்றேன். இதே விஷயத்தைப் பெரிய கூட்டத்தில் சொல்லத்தான் போனேன் என்றேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"இன்னா சொன்னாங்க?"

"கை தட்டினாங்க."

அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். கோபமாகக்கூட இல்லை அந்த முகம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது.

"அன்னிக்கி இதே எடத்துலதான நின்ன. எங்கிட்ட சொல்றதுக்கு ஏரோப்ளேன்ல ஏறிப் போய்ட்டு வரணுமா?"

பிறகு அவர் குனிந்து குத்த ஆரம்பித்தார். நான் கன்றைப் பிடித்துக்கொண்டேன். வேரில் பாதி அறுந்துதான் வந்தது.